உண்ணி கடித்தால் முதல் வேலை: தேதியை எழுதி வையுங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. ஈஸ்டர் விடுமுறைக்கு ஹ்லுஹ்லுவே வனவிலங்குக் காப்பகத்தின் பக்கம் போய் வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரின் கணுக்காலிலும் மிளகுப்பொடி தூவியதுபோலப் பொடி உண்ணிகள். ஆயாவின், அதாவது பாட்டியின், இடுப்பில், பாவாடை நாடா கட்டும் இடத்தில், பெரிய உண்ணி ஒன்று. ஆயாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. வாசலின் தடவலாமா, தீக்குச்சியால் சுடலாமா, காய்ச்சல் வருமுன் ஆன்டிபயாட்டிக் போட்டுவிடலாமா, இது காங்கோ காய்ச்சலில் கொண்டுபோய் விடுமா, போன மாதம் வீட்டு நாய்க்கு வந்த பிலியரி என்னும் உண்ணி நோய் மனிதருக்கும் ஒட்டுமா, ஆடி மாதப் பூஜைக்கு ஆடு வாங்கப் போகிறோமே, அதில் ஆபத்து உண்டா என்பவை கேள்விகள்.

பெரும்பாலான உண்ணிக் கடி சில நாள் அரிப்போடு முடிந்துவிடும். மீதி உள்ளதில் பெரும்பங்கு உண்ணிக் காய்ச்சல், அதாவது டிக் பைட் ஃபீவர். அதற்கு விலை குறைந்த, நன்றாக வேலை செய்யும் மருந்து இருக்கிறது. ஆளைக் கொல்லக்கூடிய காங்கோ காய்ச்சல் தென்னாப்பிரிக்காவில் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் வருகிறது, அதுவும் பெரும்பாலும் நாட்டின் உட்பகுதி வறண்ட மாகாணங்களில். இந்த மூன்றையும் பிரித்தறிய மருத்துவருக்கு அதிகம் உதவுவது கடித்த தேதியும் போன இடமும்தான். ரத்தப் பரிசோதனைகூட அதற்கு அடுத்தபடிதான். ஆகவே எடுத்த உண்ணியை ஒரு தாளில் வைத்து மேலே செலோடேப் ஒட்டி, பக்கத்தில் தேதி, ஊர், உடம்பில் எந்த இடம் என்று எழுதி வையுங்கள். காய்ச்சல் வந்தால் அந்தத் தாளை கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். மூன்று வாரம் ஆகியும் ஒன்றும் வராவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம்.

முதலில் உண்ணியை எடுப்பதைப் பார்ப்போம். கடித்த உண்ணி தன் வாய்க் குழலைத் தோலுக்குள் செருகி வைத்திருக்கும். அந்தக் குழலில் பின்னோக்கிய முட்கள் உண்டு. பல இனங்கள் சிமென்ட் போன்ற ஒரு பசையைச் சுரந்து தங்களைத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எச்சிலில் மரத்துப்போகச் செய்யும் பொருள் இருப்பதால்தான் கடித்தது தெரிவதில்லை. வாசலின், மண்ணெண்ணெய், நெயில் பாலிஷ், சுட்ட தீக்குச்சி எல்லாம் உண்ணியைத் தொந்தரவு செய்யுமே தவிர, அது சட்டென்று வாயை விடுவித்துக்கொண்டு வெளியே வராது. தொந்தரவில் அது தன் எச்சிலையும் வயிற்றில் உள்ளதையும் உங்கள் உடம்புக்குள்ளேயே கக்கலாம். கிருமி இருப்பதே அங்கேதான். தீக்குச்சி வைத்தால் தோல் புண்ணாவதும் சேர்ந்துகொள்ளும்.

சரியான முறை எளிது. நுனி கூரான ட்வீசரை எடுத்துக்கொள்ளுங்கள். புருவம் எடுக்கும் தட்டை நுனி ட்வீசர் உண்ணியின் வயிற்றை நசுக்கிவிடும். தோலை ஒட்டி, உண்ணியின் தலைப் பகுதியைப் பிடியுங்கள். திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக நேர் மேலே இழுத்துக்கொண்டே இருங்கள். தோல் கூடாரம்போல் மேலே எழும்பும். அங்கேயே சில வினாடி நிறுத்தினால் பிடி தளர்ந்து வந்துவிடும். பிறகு அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, சர்ஜிகல் ஸ்பிரிட்டோ சாவ்லானோ தடவுங்கள். ட்வீசர் இல்லையென்றால் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு எடுங்கள். வெறும் விரலால் தொடாதீர்கள். எடுத்ததை நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, நாயின் உண்ணியைப் பிடுங்கும்போது குறிப்பாக. அதை விட்டுவிட வேண்டும். நசுக்கிய விரலால் கண்ணைக் கசக்கினால் உண்ணிக் காய்ச்சல் கிருமி கண் வழியாகவும் உள்ளே போகும். விரலில் சின்ன வெட்டு இருந்தால் காங்கோ வைரஸுக்கும் அது வழி.

வாய்ப் பகுதி முறிந்து உள்ளே நின்றுவிட்டால் பதற வேண்டாம். எளிதில் பிடிபட்டால் முள் எடுப்பதுபோல எடுங்கள். இல்லாவிட்டால் அப்படியே விடுங்கள், தோல் சில நாளில் தானே தள்ளிவிடும். ஊசியால் தோண்டினால்தான் சீழ் பிடிக்கும். ஹ்லுஹ்லுவே பக்கத்தில் அதிகம் இருக்கும் போன்ட் உண்ணிக்கு வாய் மிக நீளம். முதுகில் வண்ணக் கோலம் போட்ட பெரிய உண்ணி அது. அது கடித்த இடத்தில் கடினமான ஒரு முடிச்சு வாரக்கணக்கில் நிற்கும், இரவில் அரிக்கும். 1 சதவிகித ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீமும் அரிப்பு மாத்திரையும் போதும். ஆயா அதைச் சொறிந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவருக்குச் சொறிந்த புண் ஆற நாளாகும்.

பிள்ளைகளின் காலில் இருக்கும் பொடி உண்ணிகள், ஊரில் பெப்பர் டிக் என்று சொல்வது, தனி இனம் அல்ல. முட்டையிலிருந்து புதிதாகப் பொரித்து வந்த உண்ணிக் குஞ்சுகள். ஆறு கால்தான் இருக்கும். ஒரே புல் நுனியில் நூற்றுக்கணக்கில் கூட்டமாகக் காத்திருக்கும். கால் பட்டதும் மொத்தமாக ஏறிவிடும். மழைக்காலம் முடிந்து புல் காயத் தொடங்கும் மார்ச் முதல் மே வரையில் இவை அதிகம், ஈஸ்டர் விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. இன்னும் கடிக்காமல் ஊர்ந்துகொண்டிருப்பவற்றை அகலமான பேக்கிங் டேப்பால் தோலில் ஒட்டி ஒட்டி எடுத்துவிடலாம். கடித்தவற்றை நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து ட்வீசரால் எடுக்க வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை. ‘குஞ்சுதானே, இன்னும் யாரையும் கடிக்காதது, கிருமி எங்கிருந்து வரும்’ என்று நினைக்கத் தோன்றும். உண்ணிக் காய்ச்சல் கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகிறது. எனவே பொடி உண்ணியும் நோயைக் கொடுக்கும். ஒரே ஆளின் உடம்பில் பல கறுப்புப் பொருக்கு காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் வேண்டாம். அமெரிக்காவில் லைம் நோய்க்காக, சில சூழல்களில், உண்ணி கடித்தவுடன் ஒரு வேளை மருந்து கொடுப்பார்கள். அதைப் படித்துவிட்டு இங்கே பலர் கேட்கிறார்கள். லைம் நோய் தென்னாப்பிரிக்க உண்ணிகளிடமிருந்து பரவுவதாக நிறுவப்படவில்லை. இங்குள்ள உண்ணிக் காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரை பரிந்துரைக்கப்படுவதும் இல்லை. கவனித்துப் பாருங்கள், காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் சிகிச்சை எடுங்கள். அதுதான் முறை.

இனி உண்ணிக் காய்ச்சலைப் பற்றி. தென்னாப்பிரிக்காவில் இதற்கு இரண்டு முக்கியக் கிருமிகள் உண்டு. இரண்டும் ரிக்கெட்ஸியா என்னும் பாக்டீரியா வகை. காட்டுப் பக்கமும் மாட்டுப் பண்ணையிலும் போன்ட் உண்ணி பரப்புவது ரிக்கெட்ஸியா ஆஃப்ரிகே. ஊருக்குள்ளும் ஊர் ஓரத்திலும் நாய் உண்ணி பரப்புவது ரிக்கெட்ஸியா கொனோரி. இவை இரண்டும் வெவ்வேறு நோய் என்று பிரிட்டோரியாவில் அட்ரியானஸ் பைப்பர் 1930-களிலேயே எழுதினார். அது ஏற்றுக்கொள்ளப்பட 1990-கள் வரை ஆனது. நமக்கு இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், முதலாவது பெரும்பாலும் லேசானது, உயிருக்கு ஆபத்து மிக மிக அரிது. இரண்டாவது கடுமையாகலாம். வயதானவர், சர்க்கரை உள்ளவர், அதிகம் குடிப்பவர் ஆகியோருக்குச் சிறுநீரகம், நுரையீரல், மூளை வரை போய் உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. ஆகவே சஃபாரிக்குப் போனால்தான் உண்ணிக் காய்ச்சல் வரும் என்பது தவறு. டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் பின்கட்டில் நாய் படுத்திருக்கும் இடத்திலிருந்தே கடுமையான வகை வரலாம்.

கடித்து 5 முதல் 7 நாள், சில நேரம் 10 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தொடங்கும். அதற்குள் கடியையே மறந்திருப்போம். முதலில் வருவது தலைவலி, சாதாரணமானது அல்ல, பனாடோவுக்கு (பாராசிட்டமால் மாத்திரை) அடங்காதது. கழுத்துத் தசை இறுகும், குளிர் நடுக்கம் வரும், உடம்பு முறித்துப் போட்டதுபோல வலிக்கும். வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசும். இதையெல்லாம் ஃப்ளூ என்று நினைப்பது இயல்பு. ஃப்ளூ இல்லை என்று காட்டிக்கொடுப்பது கடித்த இடத்தில் உண்டாகும் கறுப்புப் பொருக்கு: அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அகலம், நடுவில் கறுப்பு, சுற்றிலும் தடித்த வளையம். வலிக்காது, அதனால்தான் கண்ணில் படாமல் போகிறது. பாடப் புத்தகப் படங்களில் அந்த வளையம் சிவப்பாக இருக்கும். நம் மாநிறத் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோதான் தெரியும். ஜன்னல் பக்கம் நிறுத்திப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

எங்கே தேடுவது என்பதற்கு நெறி கட்டியிருக்கும் இடம் வழிகாட்டும். தொடை இடுக்கில் நெறி கட்டி வலித்தால் கால், புட்டம், பிறப்புறுப்பு. அக்குளில் என்றால் கை, மார்பு, முதுகின் மேல்பகுதி. காதுக்குப் பின்னாலோ கழுத்திலோ என்றால் தலைமுடிக்குள், சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இவை தவிர, தொப்புள், முழங்காலின் பின்மடிப்பு, கால்விரல் இடுக்கு, மார்பகத்தின் அடிமடிப்பு, உள்ளாடை நாடா அழுத்தும் கோடு. பெரியவர்கள் கூச்சப்பட்டு இந்த இடங்களைக் காட்ட மாட்டார்கள். ‘ஆயா, இதைப் பார்த்தால்தான் மருந்து முடிவாகும்’ என்று சொல்லி, வீட்டுப் பெண்களில் ஒருவர் பார்த்துவிடுவது நல்லது.

காய்ச்சல் தொடங்கி இரண்டு மூன்று நாளில் உடம்பில் தடிப்பு வரலாம். நாய் உண்ணி வகையில் அது உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவும். போன்ட் உண்ணி வகையில் பலருக்குத் தடிப்பே வராது. தடிப்பு வந்தவுடன் ‘அம்மா வந்திருக்கு’ என்று முடிவு கட்டி, மஞ்சளும் வேப்பிலை போன்ற சிரிங்கா இலையும் வைத்து, மருந்து எதுவும் கொடுக்காமல் ஒன்பது நாள் காத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விளக்கு ஏற்றுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், மஞ்சள் தண்ணீரும் ஊற்றுங்கள், அதில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் உண்ணிக் காய்ச்சலுக்கு அந்த ஒன்பது நாள் நீளமானது, ஆயாவின் வயதில் அது உயிர் சம்பந்தப்பட்டது. சின்னம்மையில் நீர்க் கொப்புளங்கள் அலை அலையாகக் கிளம்பும். தட்டம்மையில் இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு முதலில் வரும். கறுப்புப் பொருக்கும் நெறியும் கடும் தலைவலியும் சேர்ந்து இருந்தால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். அம்மை என்றே தோன்றினாலும் போங்கள். தட்டம்மையும் மருத்துவர் பார்த்துப் பதிவு செய்ய வேண்டிய நோய்தான்.

மருந்து டாக்ஸிசைக்ளின். பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்று, வழக்கமாக 7 நாள். 45 கிலோவுக்குக் குறைவான பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்து, ஒரு வேளைக்கு கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் என்ற கணக்கில், மருத்துவர் அளவு போடுவார். ‘எட்டு வயதுக்குக் கீழே கொடுத்தால் பல் கறுக்கும்’ என்பது இந்த மருந்து சேர்ந்த டெட்ராசைக்ளின் வகையின் பழைய மருந்துகளில் கண்ட பிரச்சினை. சில நாள் மட்டும் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினில் அப்படி நிரூபணமாகவில்லை என்பதால், ரிக்கெட்ஸியா நோய்க்குச் சிறு பிள்ளைகளுக்கும் இதைத்தான் இன்று முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். கர்ப்பிணியாக இருந்தால் அதை முதல் வாக்கியமாக மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் வேறு மருந்தை யோசிப்பார்.

வீட்டில் மீந்திருக்கும் அமாக்ஸிசிலினைப் போட்டுப் பார்க்காதீர்கள். இந்தக் கிருமி நம் உயிரணுவுக்குள்ளேயே குடியிருப்பது. பென்சிலின் வகை மருந்துகளால் அதை ஒன்றும் செய்ய முடியாது. காய்ச்சல் இறங்கவில்லை என்று தெரிவதற்குள் மூன்று நான்கு நாள் வீணாகிவிடும். சல்ஃபா வகை மருந்து நோயை இன்னும் மோசமாக்கலாம்.

டாக்ஸிசைக்ளினை விழுங்கும் விதமும் முக்கியம். சாப்பாட்டோடு, ஒரு முழு டம்ளர் தண்ணீருடன், உட்கார்ந்துகொண்டு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. படுக்கப் போகும்போது ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கினால் மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், நெஞ்சு எரியும். எலும்புக்காகவோ ரத்தத்துக்காகவோ ஆயா கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகள் எடுக்கிறார் என்றால், அவற்றுக்கும் இதற்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிடுக்கும் அதே விதி. சேர்த்து எடுத்தால் மருந்து ரத்தத்தில் ஏறாது. டர்பன் வெயிலில் தோல் எளிதில் கருகும், முழுக்கை சட்டை போடுங்கள். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்கினாலும் சொன்ன நாள் முழுவதும் மாத்திரையைத் தொடருங்கள். மூன்றாம் நாள் முடிந்தும் இறங்கவில்லை என்றால் நோய் வேறாக இருக்கலாம், திரும்பப் போங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. உண்ணிக் காய்ச்சலுக்குப் பார்ப்பது எதிர்ப்பணு (ஆன்டிபாடி) பரிசோதனை. எதிர்ப்பணு உருவாகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஆஃப்ரிகே வகையில் இன்னும் தாமதமாகும். முதல் வாரத்தில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் நோய் இல்லை என்று பொருள் அல்ல. பொருக்கின் அடியிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்துச் செய்யும் பிசிஆர் பரிசோதனை அதைவிட நம்பகமானது. அது எல்லா இடத்திலும் கிடைக்காது. அனுபவமுள்ள மருத்துவர் பொருக்கைப் பார்த்த மாத்திரத்தில் மருந்து தொடங்குவார், அதுவே சரி.

ஒன்றை மட்டும் அதற்கு முன் செய்ய வேண்டும்: மலேரியா பரிசோதனை. ஹ்லுஹ்லுவேயோடு நின்றார்களா, இன்னும் வடக்கே ஜோசினி, கோசி பே வரை போனார்களா, க்ரூகர் பூங்காவா, மொசாம்பிக் எல்லை தாண்டினார்களா என்பது இங்கேதான் பயன்படுகிறது. மலேரியாவும் தலைவலி, குளிர், உடம்பு வலி என்றே தொடங்கும். கொசு கடித்துக் குறைந்தது ஏழு நாளாவது ஆகும், பெரும்பாலும் 10 முதல் 14 நாள். உடம்பில் பொருக்கு இருக்கிறது என்பதற்காக மலேரியா இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் ஒரே பயணத்தில் வரலாம். விரலில் குத்தி எடுக்கும் சோதனை சில நிமிடத்தில் முடியும். முதல் சோதனை நெகட்டிவாக இருந்து காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாள் மறுபடியும் கேட்டு வாங்குங்கள்.

காங்கோ காய்ச்சலுக்கு வருவோம். முழுப் பெயர் கிரிமியன்-காங்கோ ரத்தக்கசிவுக் காய்ச்சல். 1944-இல் கிரிமியாவிலும் 1956-இல் காங்கோவிலும் கண்டவை ஒரே நோய் என்று பிறகு தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் முதல் நோயாளி 1981-இல் அடையாளம் காணப்பட்டார். அதன்பின் ஆண்டுக்குச் சில பேர், அதிகம் போனால் இருபது பேர். பெரும்பாலோர் ஃப்ரீ ஸ்டேட், நார்தர்ன் கேப் மாகாணங்களில் ஆடு மாடு சார்ந்த வேலை செய்பவர்கள். குவாசுலு-நாட்டாலில் மிகக் குறைவு. பரப்புவது ஹையலோமா என்னும் உண்ணி. கால்களில் சிவப்புப் பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி வளையம் வளையமாக இருக்கும். பல உண்ணிகள் புல் நுனியில் காத்திருக்க, இது தரையில் வேகமாக ஓடி ஆளைத் துரத்தி வரும். ஆயாவின் இடுப்பில் இருந்தது முதுகில் கோலம் போட்ட, ஹ்லுஹ்லுவே பக்கத்து உண்ணி என்றால் கவலைப்பட வேண்டியது உண்ணிக் காய்ச்சலைப் பற்றித்தான்.

இங்கே தேதி மறுபடியும் பேசும். காங்கோ வைரஸ் உண்ணி வழியாக வந்தால் 1 முதல் 3 நாளில், அதிகபட்சம் 9 நாளில் காய்ச்சல் தொடங்கும். ரத்தம் பட்டு வந்தால் 5, 6 நாளில், அதிகபட்சம் 13 நாளில். கடித்த மூன்றாம் நாளே திடீரென்று கடும் காய்ச்சல், தலைசுற்றல், முதுகுவலி, வாந்தி. பிறகு ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், தோலில் ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள், அடிபடாமலே கன்றிய தழும்புகள், கறுத்த மலம் என்று போனால் உடனே பெரிய மருத்துவமனை. போகும் முன் தொலைபேசியில் சொல்லுங்கள், தனி அறை தயார் செய்வார்கள். நோயாளியின் ரத்தம் பட்டால் பராமரிப்பவருக்கும் தொற்றும். 1984-இல் கேப் டவுன் பக்கத்து டைகர்பெர்க் மருத்துவமனையில் ஒரு நோயாளியிடமிருந்து ஊழியர்களுக்கே பரவியது. பரிசோதனை ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனத்தில் நடக்கும்.

உண்ணி கடித்த பிறகு வரும் எந்தக் காய்ச்சலுக்கும் வலி மாத்திரை பனாடோ மட்டும், அதுவும் பெட்டியில் எழுதிய அளவுக்குள். டிஸ்பிரினில் இருப்பது ஆஸ்பிரின். தலைவலி என்றதும் தாத்தா, ஆயா கைநீட்டும் கிராண்ட்பா பொடியிலும் ஆஸ்பிரின் உண்டு. ஐபுப்ரோஃபெனும் இதே கணக்குதான். ரத்தம் உறைவதைக் குறைக்கும் இவற்றை, எந்தக் காய்ச்சல் என்று தெரியும் வரை தொடாதீர்கள். இதயத்துக்காக மருத்துவர் தினமும் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களே நிறுத்தாமல், அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஆட்டுக்கு வருவோம். காங்கோ வைரஸ் ஆட்டின் ரத்தத்தில் ஒரு வாரம் அளவுக்கு இருக்கும், ஆடு துள்ளிக்கொண்டுதான் இருக்கும், நோய் எதுவும் தெரியாது. 1996-இல் ஔட்ஸ்ஹூர்னில் தீக்கோழி வெட்டும் கூடத்தில் 17 பேருக்கு இந்த நோய் வந்தது. அதன்பின் தீக்கோழிகளை 14 நாள் உண்ணி இல்லாமல் வைத்திருந்து வெட்டும் விதி வந்தது. அந்த விதியை வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஆடி மாதப் பூஜைக்கு ஆடு வாங்குவதென்றால், அதுவும் வறண்ட உள்மாகாணத்திலிருந்து வந்த ஆடு என்றால், இரண்டு வாரம் முன்பே வாங்கி, உண்ணி மருந்து போட்டு, உண்ணி இல்லாத இடத்தில் கட்டுங்கள். மருந்து போட்டு எத்தனை நாள் கழித்து இறைச்சியை உண்ணலாம் என்று டப்பாவில் எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். வெட்டுபவர் ரப்பர் கையுறை, கண்ணாடி, மூடிய காலணி போட வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருப்பவர் அன்று அந்த வேலைக்கு வேண்டாம். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். தோலுரிக்கும்போது சூடு இறங்கிய உடம்பைவிட்டு உண்ணிகள் கிளம்பி வெட்டுபவரின் கையில் ஏறும், அதைக் கவனியுங்கள். சிந்திய ரத்தத்தின் மேல் ஒரு பங்கு ஜிக் ப்ளீச், ஆறு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். நன்றாக வெந்த கறியால் ஆபத்து இல்லை. ஆபத்து பச்சை ரத்தத்தில்தான்.

மற்றவை அரிதானவை, பெயர் தெரிந்திருந்தால் போதும். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லாமலே கால்கள் தளர்ந்து நடை தடுமாறினால் தலைமுடிக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சில உண்ணிகளின் எச்சில் நரம்பைத் தளர்த்தும். எடுத்துவிட்டாலே பெரும்பாலும் சரியாகும், இருந்தாலும் மூச்சு பாதிக்கலாம் என்பதால் மருத்துவமனையில் வைத்துப் பார்க்க வேண்டும். உண்ணிக் கடி பல வாங்கியவர்களில் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிற்றுவலியோ தடிப்போ வருகிறது. ஈஸ்டர்ன் கேப்பில் இது பதிவாகியிருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அப்படி வந்தால் ‘மசாலா ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது வெளிர் நிற முழுக்கால் சட்டை போட்டு, அதன் அடியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் பொடி உண்ணிக்கு இதைவிட நல்ல தடுப்பு இல்லை. துணியின் மேல் 0.5 சதவிகித பெர்மெத்ரின் தெளித்து உலர்த்தியபின் உடுத்தலாம், தோலில் தெளிக்கக் கூடாது. தோலுக்கு 20 முதல் 30 சதவிகிதம் டீட் உள்ள மருந்து. டபார்ட், பீஸ்ஃபுல் ஸ்லீப் இரண்டும் பல வடிவில் வருகின்றன, லேபிளில் சதவிகிதத்தைப் பார்த்து வாங்குங்கள். சன்ஸ்கிரீன் முதலில், இது அதன் மேல். சிறு பிள்ளைகளின் கையில் தடவ வேண்டாம், வாயில் வைப்பார்கள். திரும்பி வந்ததும் துணியை டம்பிள் டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பிறகு துவையுங்கள். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் உண்ணி சாகாது. குளிக்கும்போது மேலே சொன்ன மடிப்புகள் எல்லாவற்றையும் பாருங்கள். சீக்கிரம் எடுத்துவிட்டால் கிருமி இறங்க அவகாசம் குறைவு. சாட்ஸ்வொர்த்தின் சில்வர்கிளென் காப்பகத்தில் காலை நடை போனாலும், ஆற்றங்கரையில் மீன் பிடிக்க உட்கார்ந்தாலும், புதரோரம் கீரை பறித்தாலும் இதே பழக்கம்தான்.

கடைசியாக, நாய். பிலியரி என்பது நாயின் ரத்த அணுவைத் தாக்கும் பபேசியா கிருமி. நம் ஊரில் நாய்க்கு வரும் அந்த வகை மனிதருக்கு வராது. ஆனால் பிலியரி வந்திருக்கிறது என்றால் நாயின் மேல் உண்ணி இருக்கிறது என்று பொருள். அதே நாயின் மேல், அதே முற்றத்தில், ரிக்கெட்ஸியா கொனோரி சுமக்கும் பழுப்பு நாய் உண்ணியும் இருக்கலாம். இந்த உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்தபின் இறங்கிப்போய்ச் சுவர் விரிசல், நாய்க் கூட்டின் பலகை இடுக்கு, கதவு நிலை, கட்டிலின் அடி என்று புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சுவரில் செங்குத்தாக ஏறுவதையும் பார்க்கலாம். நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் உண்ணி தீராமல் போவது இதனால்தான். நெக்ஸ்கார்ட், பிரவெக்டோ போன்ற தின்னும் மாத்திரை நாயைக் கடித்த உண்ணியைக் கொல்லும். முதலாவது மாதம் ஒருமுறை, இரண்டாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் கால்நடை மருத்துவரிடம் கேட்டபின்தான். விரிசல்களுக்குச் சிமென்ட் பூசுங்கள், நாயின் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள், புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் மருந்து போடுங்கள். ஒன்றை விட்டாலும் அதன் மேல் பெருகும். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் தெளித்த துணியோ நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தோ அதன் பக்கம் ஈரமாக இருக்கவே கூடாது. பூனைக்கு அது நஞ்சு, சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வந்துவிடும்.